சாய்த்தால் மட்டும் இற்றாலிக் ஆகாது

கல்முனையில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை எனக்கு, அதிகமும் கலியாணக் காட்தான். ஒருநாள் புறூஃப் பார்க்க வந்த பொம்பிளையின் தகப்பன் தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இங்கிலிஷ் பேர் வடிவாத்தான் இருக்கு தம்பி, தமிழ்ப் பேர் மட்டும் விழப்போற மாதிரிக் கிடக்கு" என்றார். இரண்டுக்கும் நான் அழுத்தியது எழுத்தைச் சாய்க்கிற ஒரே இற்றாலிக் பட்டனை, அந்த 'ஐ' பட்டனைத்தான். ஆனால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்து சிம்பிள் 'ஏ' எழுத்தைப் பாருங்கள். நேராக நிற்கிற செரிஃப் எழுத்தில், அதாவது கோட்டு நுனிகளில் சின்னப் பாதம் வைத்த எழுத்தில், அது இரண்டு மாடி: கீழே வயிறு, மேலே வளைந்த கூரை. இற்றாலிக்கில் கூரை கிடையாது, பாலர் வகுப்பில் எழுதிப் பழகிய அதே ஒற்றை மாடி ஏ. நேரெழுத்தில் கோட்டிலேயே நின்றுவிடுகிற 'எஃப்', இற்றாலிக்கில் பெரும்பாலும் கோட்டுக்குக் கீழே வால் இறக்கும். 'என்' எழுத்தின் வளைவு தண்டின் அடியிலிருந்தே கிளம்பும், ஏனென்றால் பேனாவைத் தூக்காமல் எழுதுகிற கை அப்படித்தான் போகும். பாதங்கள்கூடப் பாதங்களாக இருப்பதில்லை. பேனா தாளில் வந்து இறங்கிய தடமும் எழும்பிப் போன தடமுமாக மாறிவிடுகின்றன. ஆக இது சாய்ந்த நேரெழுத்து இல்லை, வேறொரு எழுத்து.

அதன் பிறப்பும் அப்படித்தான். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் படித்தவர்கள் வேகமாக எழுதிய ஒரு கையெழுத்து இருந்தது. வெனிஸ் நகரில் அச்சுக்கூடம் நடத்திய ஆல்டஸ் மனூஷியஸுக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ என்ற அச்செழுத்து வெட்டுபவர் அதை உலோகத்தில் வெட்டிக் கொடுத்தார். 1501இல் லத்தீன் கவி வேர்ஜிலின் நூல், கையடக்கமான அளவில், முழுக்க அந்த எழுத்திலேயே வந்தது. அதில் கபிற்றல் எழுத்துகள் மட்டும் நேராக நின்றன. நேரெழுத்துக்கு நடுவே ஒரு சொல்லை அழுத்திக் காட்ட இற்றாலிக்கைப் பயன்படுத்துவது பிறகு வந்த பழக்கம்.

சரி, கணினி என்ன செய்கிறது? எழுத்துருவுடன் இற்றாலிக் தனியாக வரைந்து வந்திருந்தால் அதை எடுத்துப் போடும், இல்லாவிட்டால் இருக்கிற எழுத்தை அப்படியே தள்ளிச் சரிக்கும். அந்தக் கணக்கு லேசானது: ஒவ்வொரு புள்ளியையும் அது இருக்கிற உயரத்துக்கு ஏற்றபடி வலப்பக்கம் நகர்த்து. 12 பாகை சாய்வென்றால், 10 மில்லிமீற்றர் உயரத்தில் உள்ள நுனி ஏறத்தாழ 2.1 மில்லிமீற்றர் நகரும், அடி அசையாது. இதில் கிடைத்திசை அகலம் மாறுவதில்லை, ஆனால் கோட்டின் உண்மையான தடிப்பு மாறிவிடுகிறது. வட்டமான 'ஓ' ஒன்றை இப்படித் தள்ளிப் பாருங்கள், வலப்பக்க மேல்மூலையும் இடப்பக்கக் கீழ்மூலையும் வீங்கும், மற்ற இரண்டு மூலைகளும் மெலியும். நல்ல வடிவமைப்பாளர் இதைக் கையால் திருத்துவார், எழுத்துகளைச் சற்று ஒடுக்குவார், தடிப்பும் மெல்லிசும் சாய்வெட்டு நுனிப் பேனா விடுகிற இடங்களிலேயே விழும்படி பார்ப்பார். இற்றாலிக்கின் வடிவு அந்தத் திருத்தங்களில்தான் இருக்கிறது.

கலியாணக் காட்டுக்கு வெளியே இதற்குப் பெரிய வேலை இருக்கிறது. உயர்தரப் பௌதிகவியல் டியூட், அதாவது வகுப்பில் கொடுக்கிற குறிப்புத் தாள், அடிக்கும்போது சாய்ந்த 'எம்' என்றால் திணிவு, நேரான 'எம்' என்றால் மீற்றர். சாய்வை விட்டால் பிள்ளை குழம்பும். மட்டக்களப்பு வாவிக்கரைக் கண்டலை உயிரியல் டியூட்டில் அதன் விஞ்ஞானப் பெயரால் ரைசோபோரா முக்ரோனாட்டா என்று ஆங்கில எழுத்தில் போட்டால் இரண்டு சொல்லும் சாய வேண்டும், தாவரக் குடும்பத்தின் பெயர் நேராக நிற்க வேண்டும். இதை அவசரத்தில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் விடமாட்டேன்.

இப்போது தமிழுக்கு வருவோம். ப, ம, ட எல்லாம் தட்டையான அடியும் அதன்மேல் செங்குத்துக் கோடும் உள்ளவை. 12 பாகை தள்ளினால் 90 பாகை மூலைகள் 78 ஆகவும் 102 ஆகவும் மாறி, காற்றடித்த வேலி மாதிரி நிற்கும். ண, ழ போன்றவற்றின் சுழிகளில் ஒரு மூலை கறுத்துக் கிடக்கும். நம் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது, ஒரே தடிப்புக் கோடு. தடித்து மெலியும் அகலநுனிப் பேனாவின் வழியில் அது வரவில்லை. அதனால் அந்த ஐயாவின் காட்டில் தமிழ்ப் பெயர்களை நேராக்கி, எழுத்தளவில் இரண்டு பொயின்ற் கூட்டி, எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் விட்டேன். மறுகா அவர் ஒன்றும் சொல்லவில்லை, முந்நூறு காட் அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனாலும் தமிழுக்கு இற்றாலிக் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது தமிழ்க் கையிலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான். அம்மம்மாவின் பழைய கடிதங்களில் 'ன்ன' வருகிற இடமெல்லாம் இரண்டு சுழியும் ஒரே ஓட்டத்தில் பின்னிக் கிடக்கும், 'ம்' மேலே இருப்பது புள்ளியே இல்லை, வலப்பக்கம் சரிந்த ஒரு சின்னக் கீறல். எந்த ஊர்ப் பேனாவையும் பார்த்துப் போட்ட கீறல் அல்ல அது. ஒரு கடிதத்தை ஸ்கான் பண்ணி வைத்திருக்கிறேன். வேலை முடிந்த இரவுகளில் அந்த 'ம்' எழுத்தைத்தான் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறேன்.