நஞ்சைப் பிழியும் கூடை

கரீபியன் தீவான டொமினிக்கா (டொமினிக்கன் குடியரசு வேறு நாடு, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்) முழுக்க மலையும் மழைக்காடும்தான். பழங்குடிகளான கலினாகோ மக்கள் அதற்கு வைத்த பெயர் வைட்டுக்குபுலி. ‘அவள் உடல் நெடியது’ என்று பொருள். 1,447 மீட்டர் உயர மலையைக் கடலில் படகில் இருந்தபடி அண்ணாந்து பார்த்தால் அந்தப் பெயர் புரியும். கிழக்குக் கரையில் சுமார் 3,700 ஏக்கர் நிலம் 1903இல் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அங்கே இன்றும் மரவள்ளி ரொட்டி சுடுகிறார்கள்.

தென்னமெரிக்காவில் தோன்றிய மரவள்ளி, ஐரோப்பியர்களின் கப்பலேறி நம்மூருக்கு வந்தது. நாம் அவித்துத் தின்பது இனிப்பு வகை. கலினாகோ மூதாதையர் ரொட்டிக்கு எடுத்ததோ கசப்பு வகை. ஒரு கிலோ பச்சைக் கிழங்கிலிருந்து 100 மில்லிகிராமுக்கு மேல் சயனைடு வெளிவரக்கூடிய கிழங்கு அது. பக்குவம் தப்பினால் உயிருக்கே ஆபத்து.

கிழங்கில் சயனைடு தனியாக இருப்பதில்லை. லினமரின் என்ற சேர்மத்துக்குள் பூட்டிக்கிடக்கிறது. அதை உடைக்கும் நொதியான லினமரேஸும் அதே கிழங்கில்தான் உண்டு. ஆனால் லினமரின் செல்லின் உள்ளறையிலும் நொதி செல்சுவரிலும் இருப்பதால், முழுக்கிழங்கில் இரண்டும் சந்திப்பதில்லை. பூச்சி கடித்தால் சுவர் உடையும், நஞ்சு பிறக்கும். செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் ஏற்பாடு இது.

கசப்புக் கிழங்கை அப்படியே கொதிநீரில் போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். உண்மையில் அதுதான் தவறு. கொதிநீர் நொதியை அழித்துவிடும். லினமரின் சூட்டைத் தாங்கி உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் முதல் வேலை துருவுவது. கூரிய கற்சில்லுகள் பதித்த பலகையும், பிற்காலத்தில் ஆணியால் துளையிட்ட செப்புத் தகடும் அதற்குப் பயன்பட்டன. துருவல் எவ்வளவு நைசாக இருக்கிறதோ அவ்வளவு செல்கள் உடையும். லினமரின் முதலில் அசிட்டோன் சயனோஹைட்ரின் ஆகி, பிறகு ஹைட்ரஜன் சயனைடாகப் பிரிகிறது. அதன் கொதிநிலை ஏறத்தாழ 26 டிகிரி செல்சியஸ்தான். தீவின் பகல் வெயிலிலேயே ஒரு பகுதி ஆவியாகிவிடும். ஆகவே துருவலைக் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். மூடிய அறையில் வைக்கக் கூடாது. துருவாமல் விடுபட்ட கட்டிகளையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். அவற்றுக்குள் லினமரின் உடையாமல் இருக்கும்.

மிச்ச நஞ்சு சாற்றில் கரைந்திருக்கிறது. அதைப் பிழியும் கருவிதான் மாட்டாப்பி: லாரூமா என்ற காட்டு நாணலைப் பட்டையாகக் கீறி, சாய்வாகப் பின்னிய நீண்ட குழல். கலினாகோ கூடைகளுக்கும் இதே லாரூமாதான். பட்டையைச் சேற்றில் புதைத்துக் கறுப்பு நிறமேற்றுவார்கள்.

மாட்டாப்பி பிழியும் விதம் வடிவியல் பாடமாகவே வைக்கத் தக்கது. பட்டை நீளாது, சுருங்காது. பட்டைகளுக்கு இடையிலான கோணம் மட்டுமே மாறும். குழலை அமுக்கிக் குட்டையாக்கித் துருவலைத் திணித்து, மேல் வளையத்தைக் கிளையில் மாட்டுவார்கள். கீழ் வளையத்தில் ஒரு கம்பைச் செருகி, கம்பின் ஒரு முனையைத் தரையோரம் மாட்டி, மறுமுனையில் ஒருவர் உட்காருவார். குழல் நீளும், ஒடுங்கும், சாறு பட்டை இடுக்குகளில் கசியும். பட்டையின் சாய்வு குழலின் அச்சிலிருந்து 55 டிகிரியை ஒட்டி இருக்கும்போது கொள்ளளவு உச்சத்தில் இருக்கும். 30 டிகிரிக்கு இழுத்தால் குழல் ஒன்றரை மடங்கு நீளும். கொள்ளளவோ 56 சதவீதமாகக் குறைந்துவிடும். நெம்புகோலும் சேர்ந்துகொள்கிறது. தரையோரம் மாட்டிய முனையிலிருந்து வளையம் அரை மீட்டரிலும் ஆள் இரண்டு மீட்டரிலும் இருந்தால் 60 கிலோ எடை 240 கிலோ இழுவிசையாகும். திருகும் இல்லை, உலோகமும் இல்லை.

வடிந்த சாறு கொடிய நஞ்சு. கோழியும் பன்றியும் அண்டாத இடத்தில் அதைப் பிடித்து வைக்க வேண்டும். சில மணி நேரத்தில் அடியில் வெண்மாவு படியும். அதைக் கழுவி எடுத்துக்கொள்ளலாம். மேல் சாற்றையும் நெடுநேரம் திறந்த பாத்திரத்தில் காய்ச்சி, குழம்பில் சேர்க்கும் வழக்கம் இந்தப் பகுதிகளில் உண்டு.

பிழிந்தது உருளையாக இறுகி வரும். உதிர்த்துச் சலித்து, சூடான அகன்ற கல்லில் மெல்லியதாகப் பரப்புவார்கள். எண்ணெய் வேண்டாம், ஒட்டுவதற்கு வேறு மாவும் வேண்டாம். எஞ்சிய ஈரத்தில் மாவுச்சத்து 70 டிகிரி அளவில் கூழாகித் துகள்களைத் தானே பிணைக்கிறது. அளவுக்கு மீறிப் பிழிந்திருந்தால் ரொட்டி பொலபொலவென்று உதிரும்; அப்போது கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம். சரியாகப் பிழியாவிட்டால் மேலே கருகி நடுவில் களியாக நிற்கும். ருசி மட்டுமல்ல இங்கே கேள்வி: அந்தக் களிக்குள் சாறும் இருக்கிறது, சாற்றில் சயனைடும் இருக்கிறது. அப்படிப்பட்ட ரொட்டியைத் திரும்பக் கல்லில் போட்டு, ஆவி நிற்கும்வரை வாட்ட வேண்டும்.