கடலில் முப்பது விநாடி எச்சரிக்கை கிடையாது

சப்நாட்டிகா என்ற கணினி விளையாட்டில் நான் முதன்முதலில் செத்தது எந்த ராட்சத மீனிடமும் மாட்டி அல்ல, வாசலைத் தேடித்தான். உடைந்து கிடந்த கப்பல் துண்டு ஒன்றுக்குள் ஏதோ உதிரிப்பாகம் கிடைக்குமென்று புகுந்தேன். ஒரே மாதிரி அறைகள், தலைகீழாகக் கவிழ்ந்த அலமாரிகள். ஆக்சிஜன் மிச்சம் "முப்பது விநாடி" என்று இயந்திரக் குரல் சொன்னபோது, வந்த வழி இடமா வலமா என்பதே மறந்துபோயிருந்தது. எண் 0 ஆனது, திரை மெல்ல இருண்டது. அப்புறம் பார்த்தால் புறப்பட்ட இடத்திலேயே இருக்கிறேன். கடைசியாகப் பொறுக்கிய சாமான்களில் பல காணோம்.

அன்நோன் வேர்ல்ட்ஸ் நிறுவனம் 2018 ஜனவரியில் முழுமையாக வெளியிட்ட விளையாட்டு இது. 4546பி என்ற கடல் கிரகத்தில் விண்கலம் விழுந்து நொறுங்க, நீங்கள் தனியாகத் தப்பிக்கிறீர்கள். பசி, தாகம், உடல்நலம், ஆக்சிஜன் என்று நான்கு அளவுகள் திரையில் இருக்கும். பசியும் தாகமும் பொறுமைசாலிகள்; ஒரு மீனைச் சுட்டால் ஒன்று தீரும், இன்னொரு மீனிலிருந்து குடிநீர் வடித்தால் மற்றது தீரும். ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஆக்சிஜன்தான். சிலிண்டர் இல்லாமல் தொடக்கத்தில் கையிலிருப்பது 45 விநாடி.

இந்த ஆக்சிஜன் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. 100 மீட்டருக்குக் கீழே போனால் எண் வேகமாகக் குறையும், 200ஐத் தாண்டினால் இன்னும் வேகமாக. சும்மா கஷ்டப்படுத்துகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சிலிண்டரோடு மூழ்குபவர்களுக்கு நிஜக் கடலிலும் இதே கதிதான். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் நீரின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) கூடுகிறது. மேலேயுள்ள காற்றின் 1 பாரையும் சேர்த்தால் 30 மீட்டரில் மொத்தம் 4 பார். அந்த அழுத்தத்தை எதிர்த்து நெஞ்சு விரிய வேண்டுமானால், வாயில் வரும் காற்றும் 4 பாரில் இருக்க வேண்டும். ஆகவே ஒரு மூச்சில் நாலு மூச்சுக் காற்று செலவாகும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் நிரப்பினால் 2400 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு அது மேல்மட்டத்தில் 2 மணி நேரம் வரும். 30 மீட்டரில் அரை மணி நேரம்தான்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் கூடவே இல்லை. மிச்சமெல்லாம் குமிழியாக மேலே போய்விடுகிறது. அதைத் தடுக்கத்தான் ரீபிரீதர். வெளிவிட்ட மூச்சைப் பிடித்து, சோடா சுண்ணாம்பால் கரியமில வாயுவை நீக்கி, உடல் எடுத்துக்கொண்ட அளவு ஆக்சிஜனை மட்டும் சேர்த்துத் திருப்பித் தருகிறது. ஆழம் கூடினாலும் ஆக்சிஜன் செலவு கூடாது. விளையாட்டிலும் ரீபிரீதரை மாட்டியவுடன் எண் பழைய வேகத்துக்கு இறங்கிவிடும். இதைச் செய்தவர் யாரோ பாடம் படித்தவர்.

மூச்சை அடக்கி மூழ்குவது வேறு விஷயம். அங்கே ஆழம் ஆக்சிஜனைத் தின்பதில்லை, உழைப்புதான் தின்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கல்லின் பாரத்தில் இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். கீழே நீந்திப் போகும் மூச்சு மிச்சம்.

ஆனால் விளையாட்டு மறைத்துவிடும் பெரிய விஷயம் அந்த முப்பது விநாடிக் குரல். நம் உடம்பில் அப்படி ஒரு குரல் இல்லை. மூச்சு முட்டுகிறதே, அது ஆக்சிஜன் தீர்வதால் என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது கரியமில வாயு சேர்வதால் வரும் தவிப்பு. குதிப்பதற்கு முன் வேகவேகமாகப் பெருமூச்சு விட்டால் அந்த வாயு வெளியேறிவிடும்; ஆக்சிஜன் கையிருப்போ பெரிதாகக் கூடாது. தவிப்பு தாமதமாக வரும், அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து மயக்கம் முந்திக்கொள்ளும். நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துபவர்களே சத்தமில்லாமல் இறந்துபோவதற்கு இதுவும் ஒரு வழி.

கடலில் இன்னொரு கண்ணியும் உண்டு. 20 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் காற்றில் ஆக்சிஜன் 6 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கே அழுத்தம் மூன்று மடங்கு, ஆகவே இரத்தத்துக்கு அது மேல்மட்டத்தின் 18 சதவீதம் போலத் தோன்றும். தலை தெளிவாகவே இருக்கும். சரி, போகலாம் என்று மேலே ஏறுகிறார். அழுத்தம் குறையக் குறைய அந்த 6 சதவீதம் வெறும் 6 சதவீதமாகிவிடுகிறது. வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் கடைசி 10 மீட்டரில்தான் பலர் நினைவிழக்கிறார்கள்.

விளையாட்டில் மேலே ஏறுவது மோட்சம். 200 மீட்டரிலிருந்து அம்பு மாதிரி வரலாம். நிஜத்தில் சிலிண்டர் காற்றைச் சுவாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு ஏறினால், விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். 10 மீட்டரிலிருந்து மேலே வருவதற்குள் அது இரண்டு மடங்காகிறது. வேகமாக ஏறினால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாவது தனிக் கதை. எண்ணெய்க் கிணறுகளுக்காக நாள்கணக்கில் அழுத்த அறையில் வாழும் முக்குளிப்பவர்களை வெளியே கொண்டுவர, சுமார் 30 மீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். அதையும் விளையாட்டில் வைத்திருந்தால் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

நான் செத்த அந்தக் கப்பலுக்குக் குகைகளில் மூழ்குபவர்களிடம் ஒரு வழி இருக்கிறது. காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு திரும்பி வர, ஒரு பங்கைத் தொடக் கூடாது. கூடவே வாசலிலிருந்து கயிறு விட்டுக்கொண்டே போவார்கள். விளையாட்டில் அந்தக் கயிற்றுக்குப் பதில் வழியில் ஒளிப்புள்ளி வைக்கும் கருவி ஒன்று உண்டு. இப்போது 75 விநாடி இருந்தால், எண் 50ஐத் தொட்டதும் திரும்பிவிடுகிறேன். அரைகுறையாகப் பார்த்த அறைக்கு இரண்டு தடவை போக வேண்டியிருக்கிறது, எரிச்சல்தான். ஆனால் அந்தக் கப்பலில் அப்புறம் சாகவில்லை.

தலை தண்ணீருக்கு வெளியே வந்த கணமே விளையாட்டில் எண் முழுசாகிவிடும். மூச்சடக்கி மூழ்கும் போட்டிகளில் நடுவர்கள் அப்படி நம்புவதில்லை. இழுத்த மூச்சு நுரையீரலிலிருந்து மூளைக்குப் போய்ச் சேரச் சில விநாடிகள் ஆகும். அதற்குள் மயங்கி விழுபவர்கள் உண்டு. அதனால் மேலே வந்த 15 விநாடிக்குள் முகக் கருவியைக் கழற்றி, நலம் என்று கையால் சைகை காட்ட வேண்டும். காட்ட முடியாதவரின் முக்குளிப்பு எவ்வளவு ஆழமானாலும் கணக்கில் வராது.