கண்காட்சியில் கண் எதற்கு?

நான்கு நாளாக எங்கள் தெருவில் ஓர் ஆட்டோ ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சுற்றுகிறது. "மாபெரும் கைத்தறிக் கண்காட்சி மற்றும் விற்பனை!" நேற்று அந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனேன். மணமேடை தெரியாத அளவுக்குப் பவானி ஜமுக்காளம் அடுக்கியிருந்தார்கள். போர்வை, லுங்கி, துண்டு, எல்லாவற்றிலும் விலைச்சீட்டு. நல்ல சரக்கு, நானும் ஒரு ஜமுக்காளம் வாங்கினேன். ஆனால் சும்மா பார்ப்பதற்கென்று அங்கே ஒரு பொருளும் இல்லை. அதற்குப் பெயர் சந்தை. அப்படியே சொன்னால் என்ன குறைந்துவிடும்?

காண் என்ற வினையிலிருந்து வந்தது காட்சி. ஆள் ஆட்சி ஆனது போல, மாண் மாட்சி ஆனது போல. காண்பது கண்ணால்தான் என்பதைச் சொல்லியா தெரிய வேண்டும்? 'காட்சிக்கு எளியன்' என்று வள்ளுவர் அரசனைச் சொன்னபோது கண்ணைத் துணைக்குச் சேர்க்கவில்லை. எக்ஸிபிஷன் என்பதன் லத்தீன் வேருக்கும் எடுத்து நீட்டுதல் என்றே பொருள்.

1851-இல் லண்டன் ஹைட் பூங்காவில் கண்ணாடி மாளிகை எழுப்பி, பல நாட்டுப் பொருள்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். 1855-இல் சென்னையிலும் அப்படி ஒன்று நடந்தது. தென்னிந்திய விளைபொருளும் கைவினையும் அதில் இடம்பெற்றன. பொருளைக் கொண்டுவந்து பலர் பார்க்க வைப்பதுதான் இதன் சாரம் என்றால், பொருட்காட்சி என்பதைவிடப் பொருத்தமான சொல் எது? தீவுத்திடலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இன்றும் பொருட்காட்சி என்றுதான் சொல்கிறார்கள். அங்கே ராட்டினம் சுற்றுகிறோம், முறம் அகலத்து டெல்லி அப்பளத்தைப் பிய்த்துத் தின்கிறோம். கண்ணுக்கு மட்டுமா அங்கே வேலை?

சரி, எதிர்வாதம் ஒன்று உண்டு. காட்சி என்றால் சினிமாவின் காலைக்காட்சி, மாலைக்காட்சி. நாடகத்தில் முதல் காட்சி, இரண்டாம் காட்சி. குழப்பம் வராமல் இருக்கத்தான் கண் சேர்த்தோம் என்பார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. சினிமாவையும் கண்ணால்தானே பார்க்கிறோம்? வேறுபடுத்தாத அடைமொழி எதற்கு? பழைய சென்னைக்காரர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றார்கள், விலங்குக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்றார்கள். நுங்கம்பாக்கத்துக் கல்லூரிக் கட்டடத்தில் அருங்காட்சியகம் தொடங்கியதால் காலேஜ் ஒட்டிக்கொண்டது. செத்த, உயிர் என்ற இரண்டு சொல்லே எங்கே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டன. முன்னால் வரும் சொல் செய்ய வேண்டிய வேலை அது. புத்தகக் காட்சி, மலர்க் காட்சி, ஓவியக் காட்சி என்றால் யாருக்குக் குழப்பம்?

1977 முதல் சென்னையில் நடப்பதை, அதை நடத்தும் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி, புத்தகக் காட்சி என்றே அழைக்கிறது. பதாகையில் அப்படி எழுதியிருக்க, மறுநாள் செய்தியில் மட்டும் அது புத்தகக் கண்காட்சியாகிவிடுகிறது. ஒருவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயரைத் திருத்தும் உரிமையைச் செய்தியாளருக்கு யார் கொடுத்தது? ஈரோட்டுக்காரர்கள் புத்தகத் திருவிழா என்கிறார்கள். அதுவும் அருமையான பெயர். ஃபேர் என்ற ஆங்கிலச் சொல்லே திருநாளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

பெயரோடு போனாலும் பரவாயில்லை. உள்ளே போனால் 'அரிய நாணயங்கள் காட்சிப்படுத்தப்பட்டுள்ளன' என்று அட்டை. நாணயங்களைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதானே? 'ஏற்பாடு செய்யப்பட்டிருந்த கண்காட்சியில் காட்சிப்படுத்தப்பட்டிருந்த' என்று மொழிபெயர்ப்பாளர்கள் எழுதுவதைப் படித்தால் மூச்சு வாங்குகிறது. ஆங்கில வாக்கியத்தின் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு தமிழ்ச் சொல் மாட்ட வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொன்னது?

எங்கள் குடியிருப்பில் அடுத்த மாதம் பிள்ளைகள் வரைந்த படங்களை வைக்கப்போகிறோம். பதாகைக்கு வாசகம் கேட்டார்கள். 'சிறுவர் ஓவியக் காட்சி' என்று எழுதிக் கொடுத்தேன். அச்சகத்திலிருந்து மாதிரி வந்தது. நடுவில் 'கண்' சேர்த்திருந்தார்கள். அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.