கருந்துளை வெளியே தள்ளவும் செய்யும்

மட்டக்களப்பில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஈர்ப்புப் புலம் தொடங்கினால் போதும், "சேர், கருந்துளை பூமியையும் இழுத்து விழுங்குமா?" என்று யாராவது கேட்பார்கள். எல்லாம் யூடியூப் தந்த பயம். சூரியனின் இடத்தில் அதே திணிவுள்ள கருந்துளையை வைத்தால் பூமி குளிரில் உறையும், ஆனால் சுற்றுப்பாதை மாறாது.

அந்தக் காணொளிகள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது, கருந்துளை வெளியே தள்ளுவதைப் பற்றி. விழும் வாயு நேராக உள்ளே போவதில்லை. தட்டாகச் சுழன்று, உராய்ந்து, சூடேறி, தன் திணிவில் சுமார் 10 சதவீதத்தைச் சக்தியாக வெளிவிடக்கூடும். சூரியனுக்குள் நடக்கும் ஐதரசன் கருவிணைவில் இது 0.7 சதவீதம்தான்! இந்தச் சக்தி சுற்றியுள்ள வாயுவை அள்ளித் தள்ளும்.

சிறிய விண்மீன் மண்டலங்களில் இது பெரிய விசயம். மழை விட்ட பெப்ரவரி இரவில், வெளிச்சமில்லாத நம் கரையில் நின்றால் தெற்கே தாழ்வாக மங்கலாய்த் தெரியும் பெரிய மகெல்லன் மேகம் அந்த வகைதான். ஈர்ப்பு குறைவு, அதனால் அதைவிட்டுத் தப்பத் தேவையான வேகமும் (தப்பல் வேகம்) குறைவு. வாயு போய்விட்டால் புது நட்சத்திரம் பிறக்கப் பொருள் இல்லை. இதையெல்லாம் செய்வது வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களான சுப்பர்நோவாக்கள்தான் என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 2019 இல் ஹவாயின் கெக் தொலைநோக்கியால் 50 சிறு மண்டலங்களை ஆராய்ந்தபோது, 29 இல் உயிர்ப்பான, அதாவது வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கும், கருந்துளைக்கான அறிகுறி இருந்தது. அவற்றில் 6 இல், வெளியேறும் வாயுவிலேயே கருந்துளையின் தடயம் தெரிந்தது.

வாயு வெளியேறுவது எப்படித் தெரியும்? ஒட்சிசனின் பச்சை நிறமாலைக் கோடு அகன்று கிடக்கும். நாம் ஒலிக்குப் படிக்கிற அதே டொப்ளர் விளைவுதான் (மூலம் நகர்ந்தால் அலைநீளம் மாறித் தெரிவது), இங்கே ஒளிக்கு. கோட்டின் அகலத்திலிருந்து வேகம் கிடைக்கும்.

சரி, "கருந்துளை குட்டி மண்டலங்களைக் கொல்கிறது" என்ற தலைப்பைப் பார்த்தால் நம்பலாமா? எனக்கு அது அவசரத் தீர்ப்பு. நகரும் வாயு எல்லாம் தப்பிவிடாது. தப்பல் வேகத்தைத் தாண்டாதது திரும்பி விழும். 3 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஹெனைஸ் 2-10 என்ற சிறு மண்டலம் இன்னும் சுவாரசியம். அதன் கருந்துளை சுமார் 10 இலட்சம் சூரியத் திணிவு. அங்கிருந்து புறப்பட்ட வாயு 230 ஒளியாண்டு தள்ளியிருக்கும் அடர்ந்த மேகத்தில் மோதி, அங்கே புது நட்சத்திரங்கள் உருவாகத் தூண்டுவதை ஹபிள் தரவுகள் காட்டின. அந்த ஆய்வு வெளிவந்தது 2022 இல்.