ஒரு என்எஃப்டிக்கு எத்தனை மரம்?

“அக்கா, நான் வரைந்த படத்தை என்எஃப்டியாகப் போட்டால் எத்தனை மரம் வெட்டின பாவம் வரும்?” என்று கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் இளையவள் கேட்டாள். ஜோலார்பேட்டையிலிருந்து வந்து இங்கே பெங்களூரில் அனிமேஷன் படிக்கிறாள். தர்மராயசுவாமி கோயில் கரக ஊர்வலத்தை வைத்து டேப்லெட்டில் ஒரு வரிசைப் படம் வரைந்திருக்கிறாள், நன்றாகவே இருக்கிறது. ஒரு என்எஃப்டிக்கு ஒரு ஐரோப்பியர் மாதம் முழுக்கப் பயன்படுத்தும் மின்சாரம் போய்விடும் என்று யாரோ ஒரு பழைய பதிவை அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதெல்லாம் 2022இலேயே முடிந்த பிரச்சினை என்று இன்னொருவர் சொல்லிவிட்டார். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி புரிய வேண்டுமென்றால் கரன்ட் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும், எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த பகுதியும் அதுதான்.

என்எஃப்டி என்றால் என்ன என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிளாக்செயின் என்பது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும், தொகுதி தொகுதியாக எழுதப்படும் ஒரு கணக்குப் புத்தகம். அதில் ஒரு சின்ன நிரல் ஓடுகிறது. அதற்குள் ஓர் அட்டவணை, இந்த எண் கொண்ட டோக்கன் இந்த வாலட் முகவரிக்குச் சொந்தம் என்று. எத்தீரியம் என்ற பிளாக்செயினில் 2018இல் வந்த ஈஆர்சி-721 என்ற விதிமுறை அந்த அட்டவணை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது, அவ்வளவுதான். படம் பெரும்பாலும் அதற்குள் இருக்காது, வேறெங்கோ ஒரு சர்வரிலோ, பல கணினிகளில் கோப்பைப் பகிர்ந்து வைக்கும் ஐபிஎஃப்எஸ் வலையமைப்பிலோ கிடக்கும், டோக்கனில் அதன் முகவரி மட்டும் இருக்கும். 2021 மார்ச்சில் பீப்பிள் என்ற கலைஞரின் படத்தொகுப்பை கிறிஸ்டிஸ் ஏல நிறுவனம் 6.9 கோடி டாலருக்கு விற்றபோது கைமாறியதும் இப்படி ஒரு வரிதான். (அந்தப் படத்தை நானும் பதிவிறக்கி வைத்திருக்கிறேன், யாரும் கேட்கவில்லை.) ஓர் அட்டவணையில் ஒரு வரியை மாற்ற எதற்கு இவ்வளவு கரன்ட்?

கதை தொடங்குவது குப்பை மின்னஞ்சலில். 1992இல் சிந்தியா டுவர்க், மோனி நாவோர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: மின்னஞ்சல் அனுப்புகிறவரின் கணினி ஒவ்வொரு மடலுக்கும் கொஞ்சம் கணக்குப் போட்டாக வேண்டும் என்று வைத்தால், ஒன்றிரண்டு அனுப்புகிறவருக்கு அது உறைக்காது, லட்சக்கணக்கில் அனுப்புகிறவன் திணறிப்போவான். 1997இல் ஆடம் பேக் அதே போக்கில் ஹாஷ்கேஷ் என்று ஒன்றைச் செய்தார். 2009இல் பிட்காயின் இந்த யோசனையை எடுத்து வேறு வேலைக்கு வைத்தது. தலைவர் என்று யாரும் இல்லாத ஒரு வலையமைப்பில் அடுத்த தொகுதியை எழுதும் உரிமை யாருக்கு? கணினிக்கு ஒரு ஓட்டு என்றால் ஒருவனே ஆயிரம் போலிக் கணினிகளைக் காட்டிவிடுவான். எரிந்த மின்சாரத்தைப் போலியாகக் காட்ட முடியாது.

அதைக் காட்டும் கருவிதான் ஹாஷ். ஒற்றை எழுத்தோ முழு அகராதியோ, எதைக் கொடுத்தாலும் எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ் அதை 64 குறிகள் கொண்ட ஒரு வரியாக மாற்றித் தரும். குறிகள் 0 முதல் 9 வரை, அப்புறம் ஆங்கில ஏ முதல் எஃப் வரை, மொத்தம் 16 வகை. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடைதான், ஆனால் உள்ளீட்டில் ஒரு புள்ளியை மாற்றினால் விடை அடியோடு மாறிவிடும், எப்படி மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல யாருக்கும் வழி தெரியாது, விடையைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளீட்டுக்குத் திரும்பவும் வழி தெரியாது.

லேப்டாப் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம், பைத்தானில் பத்து வரி போதும். ‘ஹலசூரு’ என்ற சொல்லுக்குப் பின்னால் 1, 2, 3 என்று எண்ணைச் சேர்த்துக்கொண்டே போய் ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் எடுங்கள், விடை சைபரில் தொடங்குகிறதா என்று பாருங்கள். சராசரியாக 16க்கு ஒன்று தேறும். இரண்டு சைபர் வேண்டுமென்றால் 256 தடவை, மூன்றுக்கு 4,096. ஐந்து சைபருக்கு 10 லட்சத்தைத் தாண்டும், லேப்டாப் சில நொடி முக்கும். ஒவ்வொரு சைபருக்கும் வேலை 16 மடங்கு ஏறுகிறது. பிட்காயினில் இன்று ஒரு தொகுதி ஏற்கப்பட வேண்டுமென்றால் அதன் ஹாஷுக்கு முன்னால் ஏறக்குறைய 19 சைபர் நிற்க வேண்டும். 16ஐ 19 தடவை பெருக்கிப் பாருங்கள், சாதாரண கால்குலேட்டர் திரை பத்தாது.

மைனிங் என்பது இதுதான், வேறு ரகசியம் ஏதும் இல்லை. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்ற பட்டியல், முந்தைய தொகுதியின் ஹாஷ், கூடவே இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய ஓர் எண். அந்த எண்ணை மாற்றி மாற்றி சைபர் வரிசை கிடைக்கும்வரை ஹாஷ் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தாயம் விளையாடினவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நூறு தடவை உருட்டியும் தாயம் விழவில்லை என்பதால் நூற்றியோராவது தடவைக்கு வாய்ப்பு கூடிவிடாது, கட்டைக்கு ஞாபகம் கிடையாது. ஹாஷுக்கும் கிடையாது, நேற்றிலிருந்து ஓடும் இயந்திரமும் இப்போது ஆன் செய்த அதே மாதிரி இயந்திரமும் அடுத்த நொடியில் சமம். ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டு மானிட்டருக்கும் பொட்டு உண்டு. ஆனால் ‘உங்கள் ராசிக்கு மின்ட் செய்ய (படத்தை என்எஃப்டியாகப் பதிய) உகந்த நேரம்’ என்று கட்டம் போட்டு வாட்ஸாப்பில் வந்தபோது, அனுப்பினவருக்கு இந்தப் பைத்தான் பத்து வரியைத்தான் பதிலாக அனுப்பினேன்.

கண்டுபிடிக்கக் கோடானுகோடி முயற்சி, சரிபார்க்க ஒரு நொடிகூட ஆகாது, பழைய ஃபோனே போதும். எத்தனை தடவை யோசித்தாலும் இந்தச் சமனின்மை எனக்கு அலுப்பதில்லை. அதைவிட விசித்திரம் அடுத்தது. நிறையப் பேர் நிறைய இயந்திரங்களோடு வந்தால் விடை சீக்கிரம் கிடைத்துவிட வேண்டுமே? பிட்காயின் 2,016 தொகுதிகளுக்கு ஒரு தடவை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கடிகாரத்தைப் பார்க்கிறது. 10 நிமிடத்துக்கு ஒரு தொகுதி என்ற வேகத்தைத் தாண்டிப் போயிருந்தால் புதிரை இறுக்கும், பின்தங்கியிருந்தால் தளர்த்தும். எத்தீரியமும் தொகுதிக்குத் தொகுதி இதைச் செய்து, 13 நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் ஓடியது. பத்து பேர் மைன் செய்தாலும் பத்து லட்சம் பேர் மைன் செய்தாலும் வெளியே வரும் தொகுதிகள் அதே எண்ணிக்கைதான். பாதி மின்சாரத்தில் அதே வேலையைச் செய்யும் சிப் வந்தால் செலவு பாதியாகும் என்றுதானே தோன்றும்? எல்லோரும் இரண்டு மடங்கு சிப் வாங்குவார்கள், புதிர் இரண்டு மடங்கு இறுகும், மீட்டர் பழைய வேகத்திலேயே சுற்றும். மீட்டரின் வேகத்தைத் தீர்மானிப்பது, தொகுதியை எழுதினதற்காக மைனருக்குப் பரிசாகவும் கட்டணமாகவும் கிடைக்கும் பணம். அந்தப் பணத்துக்குச் சற்றுக் கீழே வரை கரன்டை எரிக்க யாராவது ஒருவர் எப்போதும் தயாராக இருப்பார். ஏமாற்ற நினைக்கிறவன் நேர்மையானவர்கள் எல்லோரும் சேர்ந்து எரிப்பதைவிட அதிகம் எரிக்க வேண்டியிருக்கும், பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. கரன்ட் வீணாவதை இந்த ஏற்பாட்டின் கோளாறு என்று சொல்வது தப்பு, அதை நம்பித்தான் ஏற்பாடே நிற்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனசில்லை. குப்பை மின்னஞ்சலைத் தடுக்க 1992இல் எழுதிய ஒரு கோட்பாட்டுக் கட்டுரைக்கு அன்றைக்கு யாரும் சந்தை மதிப்பு போட்டிருக்க முடியாது. நம் ஊரில் பிளாக்செயின் ஹேக்கத்தானுக்குப் பரிசுப் பணமும் பேனரும் சுலபமாகக் கிடைக்கின்றன. ஹாஷின் கணிதத்தில் முனைவர் பட்டம் செய்கிறவர் உதவித்தொகைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார். 2002இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வாலும் அவருடைய இரண்டு மாணவர்களும் பகா எண்ணைச் சோதிக்கும் கணக்கை உலகமே திரும்பிப் பார்க்கிற மாதிரித் தீர்த்தார்கள், அதற்கு யாரும் ஹேக்கத்தான் நடத்தவில்லை.

சரி, எத்தீரியத்துக்கு வருவோம். அன்றைய என்எஃப்டிகள் பெரும்பாலும் அங்கேதான் இருந்தன. எத்தீரியத்தின் புதிருக்கு நிறைய மெமரி தேவைப்பட்டது, கிராபிக்ஸ் கார்டுதான் அதற்கு ஏற்றது. 2021இல் எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் கார்டு விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய அனிமேஷன் மாணவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டிஜிட்டல் கலையை விற்கும் சந்தை, அதை வரைகிறவர்களின் கருவியையே பிடுங்கிக்கொண்டது.

அந்த ஐரோப்பியர் கணக்கு எங்கிருந்து வந்தது? மெமோ ஆக்டன் என்ற கலைஞர் 2020 கடைசியில் ஒரு சந்தையில் விற்ற படங்களின் பரிமாற்றங்களை எல்லாம் கூட்டி, ஒரு என்எஃப்டிக்குச் சராசரி 340 யூனிட் என்றார். மின்ட் செய்வது மட்டும் இல்லை, ஏலம் கேட்பது, கைமாற்றுவது எல்லாம் சேர்த்து. உடனே எதிர்வாதம் வந்தது: நீ மின்ட் செய்தாலும் செய்யாவிட்டாலும் 13 நொடிக்கு ஒரு தொகுதி வரத்தான் போகிறது, உன் படத்தால் ஒரு யூனிட்கூட ஏறவில்லை. மேலே சொன்ன இயக்கத்தைப் பார்த்தால் இது சரி மாதிரித்தான் தெரியும். ஆனால் மின்ட் செய்கிறவர் கட்டணம் கட்டுகிறார், அன்று அது மைனருக்குப் போனது, 2021 தொடக்கத்தில் மைனர்களின் வருமானத்தில் கட்டணம் பெரிய பங்கு. வருமானம் ஏறினால் இயந்திரம் ஏறும். ஆக ஒரு படத்தின் பொறுப்பு பூஜ்யமும் இல்லை, அந்த நொடியில் எரிந்ததை நேராக வகுத்து அவர் தலையில் கட்டுவதும் நியாயம் இல்லை. ஆக்டனின் கணக்கை வைத்துத் தனித்தனிக் கலைஞர்களைத் தேடிப் போய்த் திட்ட ஆரம்பித்தார்கள், கணக்கைப் போட்டிருந்த இணையதளத்தை அவரே எடுத்துவிட்டார். வாங்கி விற்று லாபம் பார்த்தவர்களை யாரும் அந்த அளவுக்குத் திட்டின மாதிரி தெரியவில்லை, எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

யூனிட்டை மரமாக்குவது இன்னும் சிக்கல். சீனாவில் மைனர்கள் மழைக்காலத்தில் சிச்சுவானின் நீர்மின்சாரத்துக்கும் வறண்ட மாதங்களில் ஷின்ஜியாங்கின் நிலக்கரிக்கும் இடம் மாறிக்கொண்டிருந்தார்கள், 2021இல் சீனா தடை போட்டதும் பலர் கஜகஸ்தானுக்குப் போனார்கள், அங்கேயும் நிலக்கரிதான் பிரதானம். நம் கர்நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், ஷராவதி நீர், பாவகடா வெயில், ராய்ச்சூர் நிலக்கரி என்று எது எந்த நேரம் ஓடுகிறதோ அதைப் பொறுத்து ஒரே யூனிட்டின் புகை மாறும்.

அப்புறம் 2022 செப்டம்பர் 15, நம் நேரத்துக்கு மதியம் 12 மணி 12 நிமிடம் போல, எத்தீரியம் புதிர் போடுவதையே நிறுத்திவிட்டது. இப்போது எத்தீரியத்தின் நாணயமான ஈத்தரில் 32ஐப் பிணையாகக் கட்டினவர்களிலிருந்து 12 நொடிக்கு ஒருவரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள், ஏமாற்றினால் பிணையில் வெட்டு விழும். பணம் இருப்பவருக்கே செல்வாக்கு என்ற குறை நியாயமானது, முன்பு மட்டும் என்ன, கார்டு வாங்கவும் பணம்தானே வேண்டியிருந்தது. கரன்ட் 99.9 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஒரு மதிப்பீட்டின்படி முழு வலையமைப்புக்கும் வருடத்துக்கு 26 லட்சம் யூனிட் போல. ஒரு நாளைக்குப் பத்து லட்சம் பரிமாற்றம் என்று வைத்து வகுத்தால் ஒன்றுக்கு 0.01 யூனிட்கூடத் தேறாது. கரக வரிசையை ரெண்டர் செய்ய அவள் லேப்டாப் இழுத்தது இதைவிடப் பல மடங்கு.

எனவே எத்தீரியத்திலோ, அதே மாதிரிப் புதிர் போடாத டெசோஸ் என்ற பிளாக்செயினிலோ போடு, கரன்டுக்காகக் கவலைப்படாதே என்று சொன்னேன். கவலைப்பட வேண்டுமென்றால் லாபத்தில் 30 சதவீதம் வரி இருக்கிறது, 2022 ஏப்ரலிலிருந்து. ஆனால் பிட்காயின் இன்னும் பழைய புதிரில்தான் ஓடுகிறது, 2023 ஜனவரியில் ஆர்டினல்ஸ் என்ற முறை வந்ததிலிருந்து அதிலேயே படத்தை நேரடியாகப் பதிக்கிறார்கள், படம் வேறெங்கும் தொலைந்துபோகாது என்பதால் அதுதான் அசல் டிஜிட்டல் கலை என்று பெருமை வேறு. அங்கே தொகுதிக்கான பரிசு ஏறக்குறைய நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாதியாகிறது, 2024 ஏப்ரலில் 3.125 பிட்காயினுக்கு இறங்கியது. பரிசு இப்படித் தேயத் தேய மைனர்கள் கட்டணத்தைத்தான் அதிகம் நம்பியிருக்க வேண்டும். படம் பதிக்கிறவர் கட்டுவதும் அந்தக் கட்டணம்தான், என் படத்தால் ஒரு யூனிட்கூட ஏறவில்லை என்ற வாதம் அங்கே வருடத்துக்கு வருடம் பலவீனமாகிக்கொண்டே போகும்.