ஃபேர் ட்ரேட்: தமிழ்ல என்னன்னு சொல்றது?

காபித்தூள் பாக்கெட், சாக்லேட் கவர், சில காட்டன் டீஷர்ட்டோட டேக்னு இப்ப பல இடத்துல ஃபேர் ட்ரேட்னு போட்டிருக்கு. இதையும் ஆர்கானிக்கையும் ஒண்ணுன்னு நினைக்கிறவங்க நிறைய பேர். ஆர்கானிக்னா செயற்கை உரம், பூச்சி மருந்து இல்லாம விளைஞ்சது. ஃபேர் ட்ரேட்னா விளைய வச்சவர் கைக்கு என்ன போச்சுங்கிற விஷயம்.

ஃபேர்ங்கிறதுக்கு பழைய இங்கிலீஷ்ல அழகானதுன்னுதான் அர்த்தம், அதுலேர்ந்து ஒரு பக்கம் வெளுத்த நிறம்னு ஆச்சு (நம்மூர் க்ரீம் விளம்பரத்துல கேட்டது அதுதான்), இன்னொரு பக்கம் பாரபட்சம் இல்லாததுன்னு ஆச்சு. ட்ரேட் முதல்ல தடம், பாதை. அப்புறம் ஒருத்தர் வழக்கமா பண்ற தொழில், அதுக்கப்புறம்தான் வியாபாரம்.

பாக்கெட் மேல ஒட்டுற முத்திரையா இது வந்தது 1988ல நெதர்லாந்துல, மெக்சிகோ சிறு விவசாயிகளோட காபிக்கு. மேக்ஸ் ஹாவலார்னு பேர் வச்சாங்க, ஜாவால டச்சுக்காரங்க காபி விவசாயிகள கசக்கிப் பிழிஞ்சத எழுதின 1860 நாவலோட பேர் அது.

இதுல முக்கியம் அடிவிலை. கழுவிப் பதப்படுத்தின அராபிகா வகைக் காபிக்கு 2023ல ஒரு பவுண்டு எடைக்கு 1.80 டாலர்னு வச்சாங்க, சந்தை எவ்வளவு விழுந்தாலும் அதுக்குக் கீழ வாங்கக்கூடாது, சந்தை மேல போனா அந்தச் சந்தை விலையக் குடுக்கணும், அதுக்கு மேல 20 சென்ட் பிரீமியம்னு கூடுதல் பணம் தனியா விவசாயிகளோட கூட்டுறவு சங்கத்துக்குப் போகும், அத பள்ளிக்கூடத்துக்கா காய வைக்கிற களத்துக்கான்னு உறுப்பினர்களே கூடி முடிவு பண்ணுவாங்க.

சரி, தமிழ்ல? அறவணிகம்னு சிலர் எழுதுறாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா புறநானூறு 134ல ‘அறவிலை வணிகன்’னு வர்றது மறுமைல பலன் கிடைக்கும்னு கணக்குப் போட்டு தர்மம் பண்றவன, ஆய்ங்கிற வள்ளல் அப்படிப்பட்டவன் இல்லன்னு புலவர் சொல்றார். அந்த நிழல் இதுமேல விழ வேணாம். நேர்மை வணிகம்னா எடை, கலப்படத்துல ஏமாத்தாததுன்னு மட்டும் ஆயிடும். என்னக் கேட்டா நியாய வணிகம்தான் சரி. ஒண்ணே ஒண்ணு, நியாய விலைக் கடைன்னு நம்ம ரேஷன் கடையச் சொல்லிப் பழகிட்டதால நியாய விலைன்னாலே மலிவுன்னு மனசுல பதிஞ்சிருக்கு. அங்க நியாயம் வாங்குறவருக்கு, இங்க விக்கிற விவசாயிக்கு. அதனால விலைங்கிற சொல்ல விட்டுட்டு வணிகம்னே சொல்லுவோம்.

வாங்கும்போது ஃபேர்ங்கிற எழுத்த மட்டும் நம்பாதீங்க, அத யார் வேணா அச்சடிக்கலாம். கறுப்புப் பின்னணில நீலமும் பச்சையுமா ஒரு ஆள் கை தூக்கின மாதிரி ஒரு முத்திரை, அது வெளியாள் சோதிச்சுக் குடுக்கறது. எல்லாத்தையும் மாத்த முடியாது, தினம் குடிக்கிற காபியோ டீயோ ஒண்ண மாத்துங்க, கடைல இல்லன்னா கேளுங்க, கேட்டாத்தான் வரவழைப்பாங்க. டீ விஷயத்துல ஒண்ணு தெரிஞ்சுக்கணும்: பெரிய எஸ்டேட்ல பிரீமியம் தொழிலாளர் கமிட்டிக்குத்தான் போகும், இலை பறிக்கிறவங்களோட நாள் கூலிய அது நேரா ஏத்திடாது. கூலிக்கு சங்கம் தனியா போராடித்தான் ஆகணும், அந்தப் பக்கமும் நாம நிக்கணும்.