லண்டன் பெடலும் வன்னி வெயிலும்

கிளிநொச்சியில் அம்ப், மிக்ஸர், கிற்றார் பெடல் திருத்துவது என் தொழில். பழுது என்று சொல்லி என் மேசைக்கு வருகிற ஃபஸ் பெடல்களில், அதாவது கிற்றார் சத்தத்தைக் கரகரப்பாக்கக் காலால் மிதிக்கிற பெட்டிகளில், பலவற்றைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு குறையும் இருக்காது. லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ மாமாவோ அண்ணனோ அனுப்பியதாக இருக்கும். ஈயம் பிடித்த இடமெல்லாம் மினுங்கும். "அண்ணை, ஹென்ட்ரிக்ஸ் பாவிச்ச அதே பெடல் எண்டுதான் எடுத்தது. அந்தச் சத்தம் வரேல்லை" என்று அமெரிக்கக் கிற்றார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் பெயரைத் தம்பிமார் சொல்லும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. வேறு எத்தனையோ தேவையை ஒத்திவைத்துச் சேர்த்த காசு அது. வாங்கமுதல் ஒருதரம் கேட்டிருந்தால் சொல்லியிருக்கக்கூடியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆளின் பெயரைப் பார்த்துப் பெடல் தேடாதீர்கள். உங்கள் மனதில் நிற்கிற அந்த ஒரு பதிவு எது, எந்த வருசத்தது என்று பாருங்கள். பிங்க் ஃபுளொய்ட் குழுவின் கிற்றார்காரர் டேவிட் கில்மரின் சத்தம் வேண்டும் என்று யாராவது கேட்டால், எந்தக் காலத்துக் கில்மர் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். 1973இல் வெளிவந்த பிங்க் ஃபுளொய்ட் இசைத்தட்டில் அவர் மிதித்தது சிலிக்கன் என்ற பொருளால் செய்த ட்ரான்சிஸ்டர் போட்ட, ஃபஸ் ஃபேஸ் என்ற பெடல். 1977, 1979 இசைத்தட்டுகளுக்கு வரும்போது பிக் மஃப் என்ற வேறொரு ஃபஸ் பெடல். ஹென்ட்ரிக்ஸும் அப்படித்தான். 1966இல் லண்டனில் வெளிவந்த வட்ட வடிவ ஃபஸ் ஃபேஸ் முதலில் ஜேர்மேனியம் என்ற பொருளால் செய்த பழைய வகை ட்ரான்சிஸ்டரோடு இருந்தது, சில வருசத்தில் சிலிக்கனுக்கு மாறியது. 1967இல் பதிவான அவருடைய சில தனிவாசிப்புகளில் ஒரு சுரத்தோடு அதன் மேல்ஸ்தாயியும் சேர்ந்து கீறிக்கொண்டு வருமே, அது ரோஜர் மேயர் செய்துகொடுத்த ஒக்டேவியா என்ற வேறொரு பெட்டி. ஃபஸ் ஃபேஸ் எவ்வளவு விலைக்கு வாங்கினாலும் அது அதிலிருந்து வராது.

ஃபஸ் ஃபேஸுக்குள் இருப்பது இரண்டே ட்ரான்சிஸ்டர். வெளியே இரண்டு குமிழ், டோன் குமிழ் இல்லை. பிக் மஃபுக்குள் நாலு ட்ரான்சிஸ்டர். சுரம் நீண்டு நிற்கும், தனியாக அறையில் வாசித்தால் மலைத்துப்போவீர்கள். ஆனால் அதன் டோன் பகுதி 1 கிலோஹேர்ட்ஸ் அளவில் நடுச்சத்தத்தைக் குடைந்து எடுத்துவிடும். எங்கள் மேடைகளில் கீபோர்டும் ஒக்டபாட் என்ற மின் மேளமும் பாடகரின் குரலும் நிறைந்து நிற்பதும் கிற்றார் கேட்கவேண்டியதும் அந்த நடுப்பகுதியில்தான். வீட்டில் பெரிதாகக் கேட்ட பெடல் திருவிழா மேடையில் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான். வாத்தியக் குழுவில் வாசிப்பவர் பிக் மஃப் வாங்கினால், நடுச்சத்தத்தைக் கூட்டுகிற குமிழோ சுவிச்சோ உள்ள வகையாகப் பார்த்து எடுக்கவேண்டும்.

அடுத்தது, பெடலுக்குப் பிறகு என்ன இருக்கிறது என்பது. ஹென்ட்ரிக்ஸுக்குப் பின்னால் 100 வாட் மார்ஷல் வால்வு அம்புகள் நின்றன. கில்மருக்குப் பின்னால் 100 வாட் ஹைவாட். எங்களூரில் பெரும்பாலும் அம்பே இல்லை. கிற்றார் வயர் பெடலுக்கு, பெடலிலிருந்து நேரே சவுண்ட் சேர்விஸ்காரரின் மிக்ஸருக்கு. வருகிற தம்பிமாரின் ஏமாற்றத்துக்கு முதல் காரணம் இந்த வயர்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஃபஸ் என்பது கிற்றாரின் அலையைத் தலையிலும் காலிலும் வெட்டிச் சதுரமாக்குகிற வேலை. வெட்டுப்பட்ட அலையில் மேல்சுருதிச் சத்தங்கள் ஏராளம். கிற்றார் அம்பில் இருக்கிற 12 அங்குல ஸ்பீக்கர் 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே வேகமாகத் தணிந்துவிடுவதால் அந்தக் கூர்மையை அது வெளியே விடாது. மேடைப் பொக்ஸில் கூர்மையான சத்தத்துக்கென்றே ட்வீற்றர் என்ற சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது. அது எல்லாவற்றையும் அப்படியே கொட்டும். காதுக்குள் குளவி புகுந்த மாதிரி இருக்கும்.

மிக்ஸரில் ஹை குமிழைக் குறைத்தால் சரிவரும் என்று நினைப்பார்கள். அந்தக் குமிழ் பெரும்பாலான மிக்ஸர்களில் 10 அல்லது 12 கிலோஹேர்ட்ஸ் பக்கத்தைத்தான் பிடித்துக் குறைக்கும். தொல்லை தருவது அதற்குக் கீழே. ஃபஸுக்குப் பிறகு, கிற்றார் அம்பின் ஸ்பீக்கரைப் போலவே கூர்மையைத் தணிக்கிற கபினெற் சிமுலேற்றர் ஒன்று போடுங்கள். இல்லாவிட்டால் சின்னதாகவேனும் ஒரு கிற்றார் அம்பை மேடையில் வைத்து அதற்கு முன்னால் மைக் பிடியுங்கள். கையில் ஒரு பெடலுக்கான காசுதான் இருக்கிறது, அம்பும் இல்லை என்றால் ஃபஸ் வாங்கவே வேண்டாம் என்று சொல்வேன். பல பெடல்களின் சத்தம் ஒரே பெட்டிக்குள் வருகிற மல்ரி எஃபெக்ட் ஒன்று பாவித்ததாக எடுங்கள். அதற்குள் ஃபஸ் ஃபேஸ் மாதிரியும் பிக் மஃப் மாதிரியும் இருக்கும், கபினெற்றும் இருக்கும். உங்கள் காது எதன் பக்கம் சாய்கிறது என்பதை அதில் வாசித்து வாசித்தே அறிந்துகொள்ளலாம்.

இனி வெயில். ஜேர்மேனியம் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் இதைக் கட்டாயம் வாசிக்கவேண்டும். ஜேர்மேனியம் ட்ரான்சிஸ்டரில் எப்போதும் கொஞ்சம் மின்னோட்டம் கசியும். சூடு 10 பாகை கூடினால் அந்தக் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். 20 பாகை அறையில் காது வைத்துச் சரிசெய்த பெடலை எங்கள் 35 பாகைக்குக் கொண்டுவந்தால் கசிவு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஃபஸ் ஃபேஸில் இரண்டாவது ட்ரான்சிஸ்டரின் கலெக்டரில் 4.5 வோல்ற் அளவு நிற்கவேண்டும், அதாவது பற்றரியின் பாதி. மல்ரிமீற்றர் முனையை அதில் வைத்துக்கொண்டு, ஈயம் உருக்கும் அயனை ட்ரான்சிஸ்டருக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடத் தேவையில்லை, எண் நகரத் தொடங்கிவிடும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் காலத்து வெயிலில் தகரக் கூரை மேடையில் மத்தியானமே பெடலை விரித்து வைத்தால் உள்ளே நடப்பதும் இதுதான். சுரம் முடிகிற இடத்தில் துப்பித் துப்பி அறுந்துபோகும். இரவு பனி விழுந்த பிறகு தானாகவே திரும்பிவரும். அதைத் திருத்தச் சொல்லி யாரிடமும் காசு கொடுக்காதீர்கள்.

ஆகவே வன்னியில் மேடைக்கு வாசிக்கிறவருக்கு நான் சொல்வது சிலிக்கன்தான். சத்தம் கொஞ்சம் கூர்மை, ஆனால் நேற்று வைத்த இடத்தில் இன்றும் நிற்கும். மேலே சொன்ன 1973 கில்மரே சிலிக்கன் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள், அதில் குறைவு ஒன்றுமில்லை. ஜேர்மேனியத்தின் மெதுமைதான் வேண்டும் என்றால் அந்த 4.5 வோல்ற்றைச் சரிசெய்கிற பயஸ் குமிழ் வெளியே உள்ளதாக வாங்குங்கள். மேடையில் நின்றபடியே திருப்பிச் சரிசெய்யலாம்.

ஜேர்மேனியம் என்று விற்பதெல்லாம் ஜேர்மேனியமும் அல்ல. ஏசி128 என்ற ஜேர்மேனியம் ட்ரான்சிஸ்டரின் எண்ணை அச்சடித்த தகரக் குப்பிக்குள் சிலிக்கன் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ட்ரான்சிஸ்டர் சொக்கற்றில் இருந்தால் கழற்றி, மல்ரிமீற்றரை டயோட் நிலையில் வைத்து பேஸுக்கும் எமிற்றருக்கும் இடையே பாருங்கள். 0.3க்குக் கீழே காட்டினால் ஜேர்மேனியம். 0.6, 0.7 என்று காட்டினால் உங்களை ஏமாற்றிவிட்டார்கள்.

அடப்டர் விஷயம் ஆபத்தானது. பழைய ஜேர்மேனியம் ஃபஸ்களில் பெரும்பாலானவை பிஎன்பி வகை. அவற்றில் பற்றரியின் பொசிற்றிவ்தான் கிரவுண்டுக்குப் போகும். மற்றப் பெடல்களில் நெகற்றிவ் போகும். ஒரே அடப்டரிலிருந்து கிளை பிரித்து இரண்டுக்கும் கொடுத்தால், ஓடியோ வயரின் உறை வழியாக அடப்டர் ஷோர்ட் ஆகும். அடப்டர் கொதிக்கும், எல்லாப் பெடலும் ஒன்றாகச் செத்துப்போகும். ஜேர்மேனியம் ஃபஸுக்குத் தனி அடப்டர் அல்லது 9 வோல்ற் பற்றரி பாவியுங்கள். ஃபஸ் ஃபேஸ் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு, சாதாரண கார்பன் பற்றரியே நீண்ட நாள் வரும். வாசித்து முடிந்ததும் கிற்றார் பக்க வயரை இழுத்துவிடுங்கள், அது செருகியிருக்கும்வரை பற்றரி ஓடிக்கொண்டே இருக்கும்.

ஃபஸ் ஃபேஸுக்கு முன்னால் எதுவும் வேண்டாம். கம்பியின் அதிர்வை மின்னாக்குகிற கிற்றாரின் பிக்அப்போடு நேரே பேசினால்தான் அது சரியாக வேலை செய்யும். பொஸ் டியூனர் மாதிரி, பிக்அப்பைப் பிரித்து நிறுத்துகிற பஃபர் என்ற சுற்று உள்ள பெடலோ வயர்லெஸ்ஸோ முன்னால் வந்தால் சத்தம் காய்ந்துபோகும். கிற்றார் வொல்யூமைக் கொஞ்சம் குறைத்தால் ஃபஸ் தெளிந்து மணிபோல் வருகிற அந்த அருமையான குணமும் போய்விடும். ஹென்ட்ரிக்ஸின் கையில் பாதி வேலையைச் செய்தது அந்த வொல்யூம் குமிழ். ஃபஸை முழுதாகத் திறந்து வைத்து, கிற்றார் வொல்யூமை 7, 8 அளவில் வைத்து வாசித்துப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சத்தம் வராவிட்டால் கடைக்கு வாருங்கள். பெடலை மட்டும் தூக்கிக்கொண்டு வரவேண்டாம். கிற்றார், அடப்டர், எல்லா வயரும், நீங்கள் விரும்புகிற அந்தப் பதிவும் கூட வரட்டும்.